ஞானராஜ் முழம்

சுக்கூர் மாமா தெர்மாகோல் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு பந்தலுக்குள் நுழைந்தபோது பெரியப்பா ஆரோக்கியதாஸ் குறுக்கே கையை நீட்டினார்.

"என்ன பாய் இது? மீன் வாடை அடிக்குது. எழவு வீட்டுக்குள்ள இதையா தூக்கிட்டு வருவாக?"

"நாந்தான் கொண்டாரச் சொன்னேன் பெரியப்பா," என்றாள் ஜெஸ்ஸி.

அப்பாவின் தலைமாட்டிலிருந்து எழுந்து வந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது. இன்று அவளுக்கு ஒரே ஒரு காரியம் நடந்தாக வேண்டும். சவப்பெட்டியை மூடுவதற்குள் அப்பா பிடித்த மீனை ஊர் பார்க்க வேண்டும்.

ஊர் அவரைப் பார்த்துக் கொஞ்சமாகவா சிரித்தது? நாகல் நகரில் தையல் கடை வைத்திருந்த ஞானராஜுக்கு, கோட்டு தைக்க வந்த எஸ்டேட் மேனேஜர் ஒருவர் கொடைக்கானல் மலையில் ஒரு குளத்தைக் காட்டிவிட்டார். அன்றிலிருந்து மனுஷன் ஆளே மாறிப்போனார். அந்தக் குளத்தில் ட்ரவுட் என்றொரு மீன். மண்புழுவைத் திரும்பியும் பார்க்காதாம் அந்த மகாராணி. தண்ணீர்மேல் பூச்சி வந்து விழுந்தால்தான் வாயைத் திறக்குமாம். சுக்கூர் மாமாவின் கோழிக்கடையிலிருந்து சேவல் கழுத்து இறகை வாங்கிவந்து, தூண்டில் முள்ளில் வைத்துத் தையல் நூலால் சுற்றிச் சுற்றிப் பூச்சி செய்வார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மொட்டைமாடியில் நின்று தூண்டில் நரம்பை முன்னும் பின்னும் வீசிப் பழகுவார். ஒருநாள் அது பக்கத்து வீட்டுப் புஷ்பமேரி அக்காவின் நைட்டியைக் கொடியோடு இழுத்துக்கொண்டு வந்தது. தெருவே விழுந்து விழுந்து சிரித்தது.

அப்பாவும் சுக்கூர் மாமாவும் லீவு கிடைத்தபோதெல்லாம் மலையேறுவார்கள். வெறுங்கையோடு இறங்குவார்கள். "இன்னைக்கு என்ன வெஞ்சனம், இறகா?" என்று பெரியப்பா வாசலிலேயே நின்று கேட்பார். ஆத்தூர் அணையில் உட்கார்ந்தால் கெண்டையாவது கிடைக்குமே என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "விழும்" என்பார் அப்பா, அவ்வளவுதான். விழாத மீனை விழுந்ததாக அவர் ஒருநாளும் அளந்துவிட்டதில்லை. வாயை அடைக்க மார்க்கெட்டில் ஒன்றை வாங்கி வந்திருக்கலாம், அதையும் செய்யவில்லை. ஜெஸ்ஸிக்கு அதில் அப்போதே பெருமைதான்.

நேற்று மத்தியானம் எதிர்த்த எஸ்.டி.டி. பூத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். ஓடிப்போய் ரிசீவரை வாங்கினாள்.

"தாயி, விழுந்துருச்சு! ஒரு முழம்! அம்மாகிட்ட சொல்லிறாத, நானே காட்டணும். இந்தா, பஸ் ஏறிட்டேன்னு வச்சுக்க!"

வத்தலக்குண்டில் பஸ் நின்றபோது, டீ குடிக்கலாம் என்று சுக்கூர் மாமா எழுப்பியிருக்கிறார். தோளில் சாய்ந்திருந்த தலை நிமிரவேயில்லை.

"மடியில இந்தப் பெட்டிய ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சிருந்தான்," என்றார் மாமா இப்போது. "விரலப் பிரிச்சுத்தான் வாங்குனேன்."

"முழமாம் முழம்," என்றார் பெரியப்பா. தம்பியை இழந்த குரலிலும் பழைய கேலி போகவில்லை. "யார் முழம்?"

"அவரு முழந்தான்," என்றாள் ஜெஸ்ஸி.

சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நிற்கிற கடைசிப் போட்டோவுக்காக போட்டோகிராபர் காத்திருந்தார். பங்குச் சாமியார் வந்துகொண்டிருப்பதாக யாரோ சொன்னார்கள். அப்பா தானே தைத்த சாம்பல் நிறக் கோட்டில் கிடந்தார். மார்பில் நீட்டி வைத்த கையில் ஜெபமாலை.

"மாமா, அப்பா கை மேல வைங்க."

"கோட்டெல்லாம் நாறிப்போகும்த்தா," என்றார் பெரியப்பா. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"வைங்கண்ணே," என்றாள். "அவரு தச்ச கோட்டு, அவரு பிடிச்ச மீனு. காட்டிட்டே போகட்டும்."

சுக்கூர் மாமா ஐஸை விலக்கினார். வெள்ளி உடம்பு, பக்கவாட்டில் ரோஜா நிறக் கோடு, மேலெல்லாம் மிளகு தூவியதுபோலப் புள்ளிகள். வாயோரத்தில் சேவல் இறகு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அப்பா சுற்றிய நூல்தான், கடை நூல்.

"முள்ளை எடுக்கவே விடல. வீட்ல காட்டிட்டுத்தான் எடுப்பேன்னுட்டான்," என்றார் மாமா.

ஜெஸ்ஸி குனிந்து மீனின் தலையை அப்பாவின் முழங்கைக்கு நேராக வைத்து, உடம்பைக் கோட்டுக் கையின் மேல் நீட்டிக் கிடத்தினாள். வால் மணிக்கட்டைத் தாண்டியது. உள்ளங்கையைத் தாண்டியது. நடுவிரல் நுனியையும் தாண்டி இரண்டு விரல் அகலம் வெளியே நின்றது.

பின்னால் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"கொறச்சில்ல சொல்லிருக்காரு எங்கப்பா!" என்றாள் ஜெஸ்ஸி. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. நெஞ்சு நிமிர்ந்து நின்றாள்.

"வால மறைக்கிறீங்க சார், கொஞ்சம் தள்ளிக்கங்க," என்றார் போட்டோகிராபர்.

பெரியப்பா தள்ளிக்கொண்டார். வெகுநேரம் மீனையே பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "ஏலே, பின்னால நிக்கிறவுகளுக்கும் வழி விடுங்கடா," என்று சத்தம் போட்டார். "வந்து பாருங்கப்பா. எந்தம்பி பிடிச்சது."

புஷ்பமேரி அக்கா முதல் ஆளாக வந்தாள். தெரு முழுக்க அவள் பின்னால் வந்தது.

சாமியார் வந்ததும் சுக்கூர் மாமா மீனை எடுத்துக்கொண்டார். சாம்பல் நிறக் கோட்டுக் கையில், முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் நீளமாக ஓர் ஈரத்தடம் கிடந்தது. அம்மா கைக்குட்டையை எடுத்து அதன் பக்கம் கொண்டுபோனாள். பிறகு துடைக்காமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.