நூலகரின் பெயரில் ஓர் இரவல்

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் இதில் வருகிற இரத்தினேஸ்வரியேதான். திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகும் தெருவில் இருந்த தன் தமையன் வீட்டில் வைத்துச் சொன்னார். நான் கேட்கப் போனது வேறு. பல்கலைக்கழக நூலகர்களின் வேலையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தகவல் திரட்டிக்கொண்டிருந்தேன். கட்டுரை தேறவில்லை. (இது தேறுமா என்பதும் தெரியாது.)

"எழுதுறதெண்டா எழுதுங்கோ. ஆனா என்னை நல்லவளாக்கிப் போடாதேங்கோ. எனக்கு அப்ப களைப்பு. அவ்வளவுதான்."

அந்த நிபந்தனையோடுதான் மல்லுக்கட்டுகிறேன்.

கொட்டியாரக் குடாவில் அன்று காற்று—

காற்றில் தொடங்கினால் அவர் சிரிப்பார்.

அறிவின் காவலர்களாகிய நூலகர்கள்—

இதற்குச் சிரிக்கக்கூட மாட்டார். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

எழுபதுகளின் தொடக்கம். மலைநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் இரத்தினேஸ்வரி உதவி நூலகர். புத்தகங்களை வகைப்படுத்துவது, அட்டை எழுதுவது, விரிவுரையாளர்கள் கேட்கிற குறிப்புகளைத் தேடிக் கொடுப்பது அவர் வேலை. அவர் தேடிக் கொடுத்ததை வைத்துப் பலர் கலாநிதி ஆனார்கள். அவர்களுடைய முன்னுரைகளில் 'நூலக ஊழியர்களுக்கும் நன்றி' என்று ஒரு வரி வரும். பெயர் வராது. பதவியுயர்வு கேட்டுப் போனபோது, நீங்கள் என்ன ஆய்வு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள்.

அதனால் விடுமுறை எடுத்து ஆய்வு செய்யத் தொடங்கினார். சொந்த மாவட்டமான திருகோணமலையில் முஸ்லிம் வீடுகளில் இருக்கும் அரபுத் தமிழ்ப் புத்தகங்களைத் தேடுவதுதான் ஆய்வு. மொழி தமிழ், எழுத்து மட்டும் அரபு. அந்த எழுத்து அவருக்கு வாசிக்கத் தெரியாது. யாராவது தலைப்பை வாசித்துச் சொல்ல, இவர் எழுதிக்கொள்வார். லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து மூதூருக்குப் போவார், பஸ்ஸில் கிண்ணியாவுக்குப் போவார். பல வீடுகளில் தேத்தண்ணி கிடைத்தது, புத்தகம் கிடைக்கவில்லை.

துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய அபூதாஹிர் என்பவர் மூதூரிலிருந்த தன் வீட்டுக்கு அவரைக் கூட்டிப்போனார். பிரசவ வலியில் கிடக்கும் பெண்ணைச் சுற்றியிருந்து மற்றப் பெண்கள் படிக்கும் பாட்டுப் புத்தகம் ஒன்றை அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"உம்மா மகள்ர வீட்ட போயிருக்கா. கறையான் திங்கிறதுக்கு முந்தி நீங்க கொண்டு போங்க மிஸ். கம்பசில இருந்தா எங்கட வாப்பாட பேரும் நிலைக்கும்."

வேறெந்த நூலகத்திலும் அந்தப் புத்தகம் இல்லை. இரத்தினேஸ்வரி அதற்கு முத்திரை குத்தி, எண் கொடுத்து, பூட்டுப் போட்ட கண்ணாடி அலுமாரிக்குள் வைத்தார். அதைப் பற்றி எழுதிய கட்டுரை அச்சில் வந்தது.

(இந்த இடத்தில் அவருடைய மகிழ்ச்சியை ஒரு பந்தியில் எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டியபோது, "சந்தோசமோ? பஸ்ஸில குலுங்கிக் குலுங்கி இடுப்பு விட்டுப்போச்சு" என்றார். பந்தியை நீக்கிவிட்டேன்.)

3

மறு வருடம் கட்டுரையைக் கொடுக்க மூதூருக்குப் போனார். இந்த முறை வீட்டில் இருந்தது அபூதாஹிரின் தாய், ஆமினா உம்மா. கட்டுரையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பாயில் வைத்தார்.

"நீங்கதானா புள்ள அது?"

"ஓம் உம்மா. நான்தான் கொண்டு போனனான். உங்கட மகன் தந்தவர்."

"அவன் தந்ததுதான். ஆனா அது அவன்ட சாமான் இல்லியே. நாலு தெருவுக்கும் அதுதான் கிதாபு. வலி கண்டாப் பொண்டுகள் என்னைத்தான் கூப்பிடுற. இப்ப மறந்த இடத்தில முழிச்சிக்கிட்டு நிக்கிறன்."

"அங்க பத்திரமா இருக்கு உம்மா," என்றார் இரத்தினேஸ்வரி.

"அங்க ஆரு படிக்கிற?"

"ஒருத்தரும் இல்லை."

ஆமினா உம்மா கோபிக்கவில்லை. பழஞ்சோறு இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். கோபித்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

4

பிரதம நூலகர் சோமசேகரம் கெட்ட மனிதர் அல்ல. (முதல் வரைவில் அவரைக் கெட்டவராகத்தான் எழுதினேன். அப்போது கதை இலகுவாக ஓடியது, ஆனால் பொய்யாக இருந்தது.)

"பிள்ளை, பதிஞ்ச புத்தகத்தைத் திருப்பிக் குடுக்கத் தொடங்கினா நாளைக்கு ஒவ்வொருத்தரா வந்து நிப்பினம். ஏலாது."

"நகலாவது எடுத்துக் குடுப்பமே, சேர்."

"படம் பிடிக்கச் சொல்லிக் கொழும்புக்கு எழுதி எவ்வளவு காலம்? மறுமொழி வந்ததோ?"

வரவில்லை. பிறகும் வரவில்லை.

இரத்தினேஸ்வரி தன் மேசைக்குத் திரும்பினார். சண்டை பிடிக்கத் தெம்பில்லை. நூலக விதிகள் அவருக்கு மனப்பாடம். ஊழியர் ஒருவர் அரிய நூல்களை ஆய்வுக்காகத் தன் பெயரில் இரவல் எடுக்கலாம், தவணைக்குத் தவணை புதுப்பிக்கலாம். எங்கே வைத்து வாசிக்க வேண்டும் என்று விதியில் இல்லை. புத்தகத்தைத் தன் பெயரில் எடுத்தார். கைப்பைக்குள் வைத்து ரயிலேறி, லோஞ்சேறி, ஆமினா உம்மாவின் கையில் கொடுத்தார்.

"இரவல்தான் உம்மா. கேட்டாத் தரவேணும்."

"கேக்கக்குள்ள தருவன் புள்ள."

ஒவ்வொரு தவணையும் தன் அட்டையில் தானே திகதி குத்திக்கொண்டார். வருடங்கள் போயின. சோமசேகரம் அந்த அட்டையைக் கண்டார், காணாதவர் போல நடந்தார்.

5

சிரேஷ்ட உதவி நூலகர் பதவி ஒன்று வெற்றிடமாகியது. கட்டுரை இருந்ததால் இந்த முறை இரத்தினேஸ்வரியின் பெயர் மேலே இருந்தது. கூடவே அரிய நூல்களின் கணக்கெடுப்பும் வந்தது. வெளியே போன எல்லாம் உள்ளே வர வேண்டும்.

புத்தகத்தை வாங்கிவரப் போனார். லோஞ்சில் போகும்போது, கேட்கப்போகும் வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாராம். மூதூர் வீட்டு வாசலில் அபூதாஹிர் உள்ளே போக முடியாமல் உலாவிக்கொண்டு நின்றார். தங்கை நஜ்முன் நிஸாவுக்கு வலி கண்டிருந்தது. பெண்கள் இரத்தினேஸ்வரியை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

ஆமினா உம்மா படித்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கடைசி அடியை வாங்கிப் படித்தார்கள். தான் எண் கொடுத்து, முத்திரை குத்தி, கட்டுரையும் எழுதிய புத்தகத்தை இரத்தினேஸ்வரி அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார். இடைக்கிடை வந்த அரபுச் சொற்களைத் தவிர எல்லாம் விளங்கியது. 'பொறு மகளே, கதவு திறக்கும்' என்று ஓர் அடி வந்தது. நஜ்முன் நிஸா இரத்தினேஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் வளையல் நெளிந்துபோனது.

பெண்குழந்தை.

சந்தடி அடங்கியபின் ஆமினா உம்மா புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். "கிதாபுக்குத்தானே வந்த? இந்தாங்க புள்ள."

"இல்லை உம்மா. சும்மா பாத்திட்டுப் போகத்தான் வந்தனான்."

(இதை ஏன் சொன்னீர்கள் என்று கேட்டேன். "திரும்பக் காவிக்கொண்டு வர அலுப்பா இருந்தது" என்றார். நான் நம்பவில்லை. ஆனால் நல்லவளாக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன்.)

6

கணக்கெடுப்புத் தாளில், தன் கவனக்குறைவால் புத்தகம் தொலைந்துவிட்டது என்று இரத்தினேஸ்வரி எழுதிக் கையெழுத்து வைத்தார்.

"இதோட உங்கட பதவியும் துலைஞ்சுது. விளங்குதோ?" என்றார் சோமசேகரம்.

"விளங்குது சேர்."

பதவி வேறொருவருக்குப் போனது. புதிதாக வந்தவர்கள் அவரைப் 'புத்தகம் துலைச்ச மிஸ்' என்று மறைவில் சொன்னார்கள்.

கதையை இங்கே முடிக்கத்தான் எண்ணியிருந்தேன். தியாகம் செய்த நூலகர், மூதூரில் பாடும் பெண்கள். வாசகர் ஒரு பெருமூச்சு விடலாம். ஆனால் எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பகல், கிண்ணியாவிலிருந்து வந்து படித்த றஹ்மா என்ற மாணவி அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். இறுதியாண்டு ஆய்வுக்குப் பெண்களின் பேறுகாலப் பாட்டுகளை எடுத்திருந்தாள். இரத்தினேஸ்வரியின் கட்டுரை அவள் கையில் இருந்தது.

"இந்தப் புத்தகம் வேணும் மிஸ்."

"அது துலைஞ்சு போச்சு, பிள்ளை."

"எப்பிடி மிஸ்? எங்கட ஆக்கள்ட பாட்டு. எங்கட ஆக்கள்ட வீட்டிலயிருந்து கொண்டுவந்து, நீங்க எப்பிடித் துலைக்கலாம்?"

ஆமினா உம்மாவின் முகவரியைச் சொன்னால், அவள் போவாள், வாசிப்பாள், இந்தப் புத்தகத்துக்கு அவளைவிடப் பொருத்தமான வாசகர் கிடைக்காது. அவள் அதை ஆய்வில் எழுதுவாள். எழுதினால் பல்கலைக்கழகம் புத்தகத்தை எடுத்துவர ஆள் அனுப்பும், நூலக முத்திரை அதற்குள்ளேயே இருக்கிறது. இரத்தினேஸ்வரியின் பொய்யும் வெளியே வரும். சொல்லாவிட்டால், தன் சமூகத்துப் பாட்டைக் கவனமில்லாத ஒரு நூலகர் தொலைத்துவிட்டார் என்ற கசப்போடு அவள் ஊர் திரும்புவாள்.

"சொன்னனீங்களோ?" என்று கேட்டேன்.

இரத்தினேஸ்வரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "நீங்க எண்டா என்ன சொல்லியிருப்பியள்?"

இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். சொன்னதாக எழுதினால் ஆமினா உம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சொல்லாததாக எழுதினால் றஹ்மாவின் முகத்தை. எனக்கும் அலுத்துவிட்டது.

றஹ்மா இன்னும் அந்த மேசைக்கு முன்னால்தான் நிற்கிறாள். கதிரையில் இப்போது இருப்பது நீங்கள்.