மரியான் கிணற்றுத் தண்ணீர்

புதுத் துறைமுகம் திறந்த வருடம் திரேஸ்புரத்துக்குக் குடிதண்ணீர்க் குழாய் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஓவர்சியர் மந்திரமூர்த்தி, மரியான் கிணற்றைத் தூர்த்துவிட்டு அந்த இடத்தில்தான் குழாயை நடுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அந்த ஊரின் கதையை எந்த வீட்டில் கேட்டாலும் இந்தக் கிணற்றில்தான் ஆரம்பிப்பார்கள். கொழும்புக்குப் போன தோணி ஒன்று பாய்மரம் முறிந்து திசைமாறியது. அதை ஓட்டிப்போன தண்டல் மரியான் நடுக்கடலில் நாவறண்டு செத்தார். அவர் மனைவி காதில் கிடந்த பாம்படத்தை விற்று வெட்டிய கிணறு இது. அன்றிலிருந்து எந்தத் தோணி கிளம்பினாலும் தண்டலின் மனைவி இதில் ஒரு குடம் இறைத்து ஏற்றிவிடுவாள்.

தண்டல் விக்டரின் மனைவி ஞானசௌந்தரி கிணற்று விளிம்பில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு எங்க தோணி கெளம்புது. குடத்துக்கு நான் எங்கன போவேன்?"

"இந்த உப்புத் தண்ணிய எவம்மா குடிக்கான்?" என்றார் மந்திரமூர்த்தி. "தண்டலே சொல்லட்டும். குடிக்கோம்னாருன்னா கொழாயத் தள்ளி நட்டுட்டுப் போறேன்."

எல்லோரும் விக்டரைப் பார்த்தார்கள். அந்தத் தண்ணீரை எந்தத் தோணிக்காரனும் வாயில் வைப்பதில்லை. முயல் தீவைத் தாண்டியதும் குடத்தைக் கடலில் கவிழ்த்துவிடுவார்கள். குடிக்கிற தண்ணீர் பீப்பாயில் தனியாக இருக்கும். இது வீட்டுப் பெண்களுக்குத் தெரியக்கூடாது என்பதைத்தான் புதிதாக வேலைக்கு வருகிறவனிடம் முதலில் சொல்லிவைப்பார்கள். உண்மையைச் சொன்னால் கிணறும் போகும், மனைவி மூஞ்சியிலும் முழிக்க முடியாது.

"குடிக்கோம்" என்றான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வீறாப்பாக ஒரு வாளி இறைத்து, செம்பு நிறைய மொண்டு மடமடவென்று குடித்தான். குடலைப் புரட்டியது. கண்ணில் நீர் முட்ட, "தேனா இருக்கு" என்றான். மந்திரமூர்த்தி நம்பவில்லை. ஆனாலும் கொடுத்த வாக்குக்காகக் குழாயைத் தெருமுக்குக்குத் தள்ளச் சொன்னார்.

மறுநாள் கரையில் ஞானசௌந்தரி குடத்தை நீட்டினாள்.

"வயிறு சரியாச்சா?"

"எதுக்குளா கேக்க?"

"நீங்க கடல்ல ஊத்துதது எங்களுக்குத் தெரியாதுன்னு நெனைச்சியளாக்கும்? கெணறு உப்பாகி எத்தன காலமாச்சு! மாமியே சொல்லுவாவ, ஊத்தட்டும்ளா, தாகத்தோட போன மனுசனுக்குப் போய்ச் சேரட்டும்னு."

விக்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குடத்தை வாங்கிக்கொண்டு தோணியேறினான்.

முயல் தீவு பின்னால் போனதும் குடத்தை எடுத்தான். எப்போதும் அவசரமாகக் கவிழ்க்கிறவன், அன்றைக்குத் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மெல்ல மெல்ல ஊற்றினான்.

"கொஞ்சம் உப்புதான் பாட்டையா" என்றான். "பொறுத்துக்கிடும்."