விரல் துணி

டோட் கதவைக் கையால் தட்டுகிற ஆள் இல்லை. பீப்பாய்க்கு வளையம் இறுக்குகிற அதே சுத்தியலைத்தான் எடுத்து வருவான். தெருக்கதவில் அவன் போடுகிற மூன்று அடியில் மாடியில் இருக்கிற எங்கள் கட்டிலே அதிரும்.

"பொண்ணுங்களா! எழுந்திரிங்க! பதினாலு படகு வந்து நிக்குது. நீங்க தலைசீவிப் பவுடர் போடுற வரைக்கும் மீன் காத்துக்கிட்டு இருக்குமா?"

"உன் மூஞ்சியைப் பாக்க எதுக்குடா பவுடரு?" என்று பக்கத்து அறையிலிருந்து யாரோ கத்தினாள். டோட் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக் கதவுக்குப் போனான். பீப்பாய் செய்கிறவனும் அவன்தான், எங்களுக்கு மேஸ்திரியும் அவன்தான். கெட்டவன் இல்லை. முதலாளிக்கு முன்னால் மட்டும் வாய் வராது.

மணி ஐந்து. இங்கிலாந்தின் கிழக்குக் கரை யார்மவுத்தில், அக்டோபர் மாசத்தில், அந்த நேரத்துக்குக் கடலும் தெருவும் ஒரே கறுப்பு. ஸ்காட்லாந்தின் வடக்குக் கரையில் போர்ட்லாரிக் என்கிற எங்கள் ஊரிலிருந்து ஹெர்ரிங் மீனின் பின்னாலேயே ரயிலேறி இவ்வளவு தூரம் வந்திருந்தோம். ஒரு கட்டிலில் மூன்று பேர்: நான், இஸ்பெல், லீபி. மீன் வேலையில் மூன்று பேர்தான் ஒரு கூட்டம். இரண்டு பேர் குடல் எடுக்க வேண்டும். நெட்டையாக இருக்கிற மூன்றாமவள் பீப்பாயின் அடிவரை குனிந்து அடுக்க வேண்டும். என் பெயரும் நெட்டா, நானும் நெட்டை.

எழுந்ததும் முதல் வேலை விரல் கட்டுவது. மாவுச் சாக்கைக் கிழித்த துணி, விரலுக்கு ஒன்று, சுற்றி நூலால் இறுக்கிப் பல்லால் முடிச்சுப் போட வேண்டும். துணி இல்லாத விரலோடு மீன் தொட்டிக்குப் போனால் உப்பும் கத்தியும் அரை நாளில் எலும்பைப் பார்த்துவிடும்.

அன்றைக்கும் லீபி இடது கையை என்னிடம் நீட்டினாள். நான்கு நாளாக அவளுக்கு நான்தான் கட்டிவிடுகிறேன்.

"இறுக்கிக் கட்டு நெட்டா. லூசா இருந்தாத்தான் வலிக்குது."

ஆட்காட்டி விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. நான்கு நாளுக்கு முன் கத்தி வழுக்கிப் பிளந்த இடம் அது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி கட்டினேன்.

சர்ச்சுக்காரர்கள் நடத்துகிற மருந்துச் சாலை கரையிலேயே இருக்கிறது. அங்கே போனால் நர்ஸம்மா காசு வாங்காமல் கட்டுப் போடுவாள். கூடவே ஒரு வாரத்துக்குக் கையை நனைக்காதே என்றும் சொல்வாள். அதற்கு எங்கே போவது? அந்த வாரம்தான் முதலாளி இம்லாக் உப்புக் கொட்டகையில் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொல்லியிருந்தார்: வெளிநாட்டில் மீன் விற்கவில்லை, கூலி குறையும், கை குறைந்த கூட்டம் எதுவானாலும் மூன்று பேரும் ஊருக்குப் போகலாம். இஸ்பெலின் புருஷனைக் கடல் கொண்டுபோய் மூன்று வருஷம். மூன்று பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். எனக்கு வீட்டில் படுத்த படுக்கையாக அப்பா. லீபிக்கு வயசு பத்தொன்பது. அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு வலிக்கல, கட்டுங்க" என்றாள். வலிக்கவில்லையாம். நாங்களும் நம்பினோம். நம்புவது வசதியாக இருந்தது.

ஐந்தரைக்குக் கரையோரத் திறந்த கொட்டகையில் தொட்டி முன்னால் நின்றோம். மரத்தொட்டி நிறைய மீன், மேலே உப்பு, கீழே ரத்தமும் செதிலும் கலந்த சேறு. நனையாதிருக்க எண்ணெய் பூசிய துணி மேலாடை கணுக்கால் வரை தொங்கும். காற்று கடலிலிருந்து நேராக முகத்தில் அடிக்கும். ஒரு மீனை எடு, செவுளுக்குக் கீழே கத்தியை நுழை, ஒரு திருகு, குடல் வெளியே. பருமனைப் பார்த்து அந்தந்தக் கூடையில் எறி. ஒரு நிமிஷத்துக்கு அறுபது மீன். நான் பீப்பாய்க்குள் தலையை விட்டு, கால்விரல் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டு, வயிறு மேலே பார்க்க வரிசை வரிசையாக அடுக்கினேன். ஒரு வரிசைக்கு ஒரு கை உப்பு. எட்டு மணிக்கு இடுப்பு என்னுடையதே இல்லை.

லீபி எப்போதும் பாடுவாள். அன்றைக்குப் பாடவில்லை.

"என்னடி, தொண்டையிலயும் துணி கட்டிட்டியா?" என்றாள் எதிர்த் தொட்டிக் கிறிஸ்ஸாக். லீபி சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது.

பத்து மணி இருக்கும். கூடை நிறைய ஏன் இவ்வளவு நேரம் என்று நான் பீப்பாய்க்குள்ளிருந்து தலையைத் தூக்கினேன். லீபி கையில் மீனை வைத்துக்கொண்டு நின்றாள். அதை என்ன செய்வது என்று தெரியாதவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தி தொட்டிக்குள் விழுந்தது. அடுத்தது அவள் விழுந்தாள்.

சேற்றில் மண்டியிட்டு அவள் கைத் துணியைக் கத்தியால் கிழித்தேன். மீன் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான், எந்த நாற்றமும் என்னை ஒன்றும் செய்யாது. அந்த விரலிலிருந்து வந்த வாடை மீன் வாடை இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை தாண்டி ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது.

"அய்யோ, நெட்டா," என்றாள் இஸ்பெல். "அய்யோ, என்ன பண்ணிட்டோம்."

மீன் தள்ளுகிற வண்டியில்தான் அவளை மருந்துச் சாலைக்குக் கொண்டுபோனோம். டோட் தள்ளினான். அங்கிருந்த டாக்டர் விரலைக் கீறினார். விரல் போகலாம், கோடு அக்குளை எட்டினால் கையும் போகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்றார். இரண்டு வாரம் படுக்கையை விட்டு அசையக் கூடாது, அவரே தினமும் வந்து பார்ப்பார். பிறகு அறுந்த துணியை இடுக்கியால் தூக்கிப் பிடித்து, "இவ்வளவு இறுக்கமா இந்த முடிச்சைப் போட்டது யாரு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும்.

அவளை அறையில் படுக்க வைத்தோம். வீட்டுக்காரியம்மா சூப்போடு வந்து உட்கார்ந்ததும் நானும் இஸ்பெலும் மறுபடி தொட்டிக்கு ஓடினோம். ஆமாம், ஓடினோம். புது விரல் துணி கட்டிக்கொண்டே ஓடினோம்.

மூன்று மணிக்கு இம்லாக் வந்தார். எங்கள் ஊருக்கு இரண்டு ஊர் தள்ளித்தான் அவருக்கும். எங்கள் பேச்சுதான் அவர் பேச்சும். கையில் ஒரு ரயில் டிக்கெட்.

"அஞ்சு மணி வண்டி," என்றார். "லீபியோட பெட்டியை எடுக்க நாலரைக்கு வண்டிக்காரன் வருவான். ஊர்ல அம்மா பாத்துக்குவாங்க, பாவம்."

"ஐயா, அவ எழுந்து உக்காரவே முடியாது," என்றேன். "ஒரு ராத்திரி முழுக்க வண்டி. நாலு இடத்துல மாறணும். போய்ச் சேர மாட்டா."

"எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கும்மா. ஆனா நான் மீன் வியாபாரி, ஆஸ்பத்திரி நடத்தல. அந்தக் கட்டிலுக்கு நான் வாடகை கட்டுறது வேலை செய்யிற கைக்கு."

"அந்தக் கை உங்க தொட்டியிலதான் போச்சு."

"தொட்டியில போச்சுன்னா அன்னைக்கே டோட் கிட்ட வந்து சொல்லியிருக்கணும். நாலு நாளாக் கட்டி மறைச்சது யாரு? நானா?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சுற்றி எல்லாக் கத்தியும் நின்றுவிட்டது. இஸ்பெல் என் மேலாடையைப் பிடித்து இழுத்து, "வாயை மூடுடி, பேசாம இரு" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

இம்லாக் குரலைத் தணித்தார். "உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் பயமில்ல. நாளைக்கு வேற ஒரு பொண்ண மூணாவது ஆளா அனுப்புறேன். படகு நிறைய வருது, உங்களை நான் எப்படி விடுவேன்? போங்க, வேலையைப் பாருங்க."

அடப்பாவி! கை குறைந்தால் மூன்று பேரையும் அனுப்பிவிடுவேன் என்றாயே. அந்த ஒரு பேச்சுக்குப் பயந்துதானே அந்தப் பெண்ணின் விரலை அழுக விட்டோம். இப்போது படகு நிறைய வந்துவிட்டதாம், நாங்கள் வேண்டுமாம். எனக்கு அழுகை வரவில்லை.

"மறைச்சது நான்தான்," என்றேன். கொட்டகை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன். "இந்தப் பல்லாலதான் முடிச்சுப் போட்டேன். அது என் பாவம், நான் சுமந்துக்கிறேன். எதுக்குப் பயந்து போட்டேன்னு இவங்க எல்லாருக்கும் தெரியும். பிப்ரவரி மாசம் எங்க வீட்டு அடுப்பங்கரையில வந்து உக்காந்து டீ குடிச்சீங்க, மூணு பேர் கையிலயும் அச்சாரம் வெச்சீங்க. சீசன் முடியிற வரைக்கும் மூணு பேரும் ஒண்ணுன்னு சொன்னது உங்க வாய்தானே?"

"அச்சாரம் வாங்கினவ வேலையை நிறுத்தினா கோர்ட்டுக்கு இழுப்பேன். அதையும் சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. இழுங்க."

என் வலது கை விரல் துணியைப் பிடித்தேன். ஈரத்தில் முடிச்சு இறுகிப் போயிருந்தது. போட்ட மாதிரியே பல்லால்தான் அவிழ்க்க முடிந்தது. உப்பும் ரத்தமும் நாக்கில் பட்டன. ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தொட்டியில் மீன் மேல் போட்டேன். பத்தும் போடுவதற்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? அத்தனை நேரமும் ஒருத்தியும் அசையவில்லை. காற்று கொட்டகைத் தகரத்தை ஆட்டிக்கொண்டிருந்தது. செத்தேன், தனியாக நிற்கிறேன், அப்பாவுக்கு இனி யார் கஞ்சி ஊற்றுவார்கள் என்றெல்லாம் மனசில் ஓடியது.

இஸ்பெல் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து கத்தியை எடுத்தாள். வேலைக்குத் திரும்பிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். அவள் மேல் கோபம்கூட வரவில்லை, மூன்று பிள்ளைக்காரி. அவள் கத்தி முனையைத் தன் கட்டை விரல் நூலுக்கு அடியில் விட்டு ஒரு திருகு திருகினாள். மீன் குடல் எடுக்கிற அதே திருகு. துணி விழுந்தது.

"என் பிள்ளைங்க கிட்ட என்னன்னு சொல்லுவேன்?" என்று அழுதுகொண்டே அடுத்த விரலுக்குப் போனாள். "ஒரு பொண்ணைக் கொன்னுட்டுத்தான் உங்களுக்குப் பூட்ஸ் வாங்கினேன்னு சொல்லவா?"

எதிர்த் தொட்டியில் கிறிஸ்ஸாக் அவிழ்த்தாள். அடுத்து அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள். அப்புறம் யார், எவர் என்று நான் பார்க்கவில்லை. கொட்டகையில் அறுபது பேர். துணிகள் மீன் மேல் விழுந்துகொண்டே இருந்தன.

அப்போதுதான் ஒருத்தி கையை ஒருத்தி பார்த்தோம். விடியுமுன்னே கட்டி இருட்டில் அவிழ்க்கிறவர்கள் நாங்கள், வெளிச்சத்தில் வெறுங்கையைப் பார்த்ததே இல்லை. கிறிஸ்ஸாக்கின் உள்ளங்கையில் உப்பு தின்ற ஓட்டை, உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு நகமே இல்லை. இன்னொருத்திக்குச் சுண்டு விரல் வீங்கி, லீபிக்கு நேற்றிருந்த நிறத்தில் இருந்தது. எங்களை மாதிரியே ஒவ்வொரு கூட்டமும் ஒன்றை மறைத்து வைத்திருந்தது. ஒவ்வொருத்தியும் தன் கூட்டம் மட்டும்தான் என்று நினைத்திருந்தாள்.

"கையை மூடுங்க," என்றார் இம்லாக். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. "டோட்! என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற? இதுங்களை வேலைக்கு நிறுத்து!"

டோட் சுத்தியலைப் பீப்பாய் மேல் வைத்தான். "மீன் வண்டியில அந்தப் பொண்ணைத் தள்ளிக்கிட்டுப் போனது நான்தான் ஐயா," என்றான். அவ்வளவுதான் அவன் சொன்னது. அவன் வாயிலிருந்து அதுவே பெரிசு.

நாலரைக்கு வண்டிக்காரன் வந்தபோது எங்கள் வீட்டு மாடிப்படியில் படிக்கு இரண்டு பேராக உட்கார்ந்திருந்தோம். மிச்சம் பேர் அவரவர் மரப்பெட்டியைத் தெருவுக்கு இழுத்து வந்து வாசலில் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் பின்னல் ஊசி. சும்மா உட்காரத் தெரியாத ஜாதி நாங்கள்.

"லீபின்னு ஒரு பொண்ணோட பெட்டி..." என்றான் வண்டிக்காரன்.

"மேல இருக்கு. வந்து எடுத்துக்க, ராசா," என்றாள் கிறிஸ்ஸாக், பின்னலின் கண்ணியை எண்ணிக்கொண்டே. "பாத்து வா. படியில கொஞ்சம் கூட்டம்."

அவன் படியைப் பார்த்தான், கைகளைப் பார்த்தான். யார்மவுத்துக்காரன், வருஷா வருஷம் எங்கள் பெட்டிகளைச் சுமக்கிறவன். "எனக்கு முதுகு சரியில்ல," என்று சொல்லிவிட்டு வெறும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். ஐந்து மணி ரயிலின் ஊதல் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

ஜெயித்துவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இம்லாக் வேறு ஊரில் ஆள் தேடித் தந்தி கொடுத்துவிட்டார் என்று இருட்டுவதற்குள் சேதி வந்தது. காலையில் போலீஸ் வரும் என்றார்கள். வீட்டுக்காரியம்மா வாடகைக்குக் கையைப் பிசைந்தாள், ஆனாலும் சூப்பை நிறுத்தவில்லை. நாங்கள் கேட்டது இரண்டே இரண்டு: லீபி குணமாகும்வரை அவள் கட்டில் அவளுக்கு, காயத்தைக் காட்டியவளுக்கும் அவள் கூட்டத்துக்கும் வேலை போகக் கூடாது. பக்கத்துக் கொட்டகைப் பெண்கள் இரண்டு பேர் வந்து எங்கள் கையைப் பார்த்தார்கள். தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் கொட்டகைக்கே திரும்பிப் போனார்கள்.

விடியற்காலையில் கதவில் மூன்று அடி விழுந்தது.

"பொண்ணுங்களா!" டோட் குரல் கம்மியிருந்தது. "படகு வந்திருக்கு. கூப்பிடச் சொன்னாரு, கூப்பிட்டேன்."

பழக்க தோஷம், தூக்கத்திலேயே என் கை கட்டில் கம்பியில் தொங்கிய துணிகளுக்குப் போனது. ஒன்றை எடுத்து விரலில் ஒரு சுற்றும் சுற்றிவிட்டேன். லீபி விழித்திருந்தாள். காய்ச்சலில் கண் பளபளத்தது. சிவப்புக் கோடு நேற்றிருந்த இடத்தில்தான் இருந்தது, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"நெட்டா," என்றாள். "எனக்கும் கட்டணுமா?"

"வேண்டாம்டி. யாருக்கும் வேண்டாம்."

ஜன்னலைத் திறந்து பார்த்தேன். வழக்கமாக அந்த நேரத்துக்குத் தெரு முழுக்க எங்கள் பூட்ஸ் சத்தமாக இருக்கும். டோட் தனியாக நின்றிருந்தான். தெருக்கோடியில் மற்ற முதலாளிகளின் கொட்டகைகளில் விளக்கு எரிந்தது. அதில் ஒரு கொட்டகை வாசலில், உள்ளே போகாமல், பெண்கள் கூட்டமாக நின்றார்கள். எத்தனை பேர் என்று இருட்டில் தெரியவில்லை.

இஸ்பெல் குவளையில் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் என் விரலில் சுற்றிய துணியை அவிழ்த்து, அதில் நனைத்துப் பிழிந்து, லீபியின் நெற்றியில் போட்டேன்.