மூன்று வயர் செட்

போன மாதம் செல்லதுரை பெல்ட்டால் விளாசியபோது, பக்கத்து வீட்டு சுமா சுவரை ஓங்கி ஓங்கித் தட்டித்தான் அவன் மனைவி வீரலட்சுமியைக் காப்பாற்றினாள். அதற்கப்புறம்தான் அந்த மகராசனுக்குக் கம்ப்யூட்டரில் தியேட்டர் மாதிரி படம் பார்க்க ஆசை வந்தது. ஆசையாவது மண்ணாவது! அவள் அலறல் சுமா காதில் விழக்கூடாது, அவ்வளவுதான்.

சுள்ளிக்கல்லில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள் வீரலட்சுமி. அதனால் மட்டாஞ்சேரிக் கடைக்கு அவளையும் இழுத்துப் போனான். தன் வாயில் அடைக்கும் துணியைத் தானே தேர்ந்தெடுக்கப் போனாள்.

"அஞ்சு ஸ்பீக்கர் பெட்டி இருக்குல்ல, இதே போதும்" என்று ஒரு செட்டைக் காட்டினான்.

"இதுல ஒத்த வயருதான். நம்ம சவுண்ட் கார்டுல முன்பெட்டிக்குப் பச்சை, பின்பெட்டிக்குக் கறுப்பு, நடுவுக்கு ஆரஞ்சுன்னு மூணு ஓட்டை இருக்கு. மூணு வயர் செட்டுதான் சேரும்."

"சேச்சி சொல்றதுதான் சரி" என்றார் கடைக்காரர் இஸ்மாயில்.

கடைக்காரர் முன்னால் பேசிவிட்டாளாம்! செல்லதுரை சிரித்துக்கொண்டே மேஜைக்கடியில் அவள் சுண்டுவிரலைப் பின்னுக்கு மடக்கினான். எலும்பு முறிந்தது. ஆனால் மூன்று வயர் செட்டைத்தான் வாங்கினான்.

சனிக்கிழமை படத்தைப் போட்டுச் சத்தத்தை முழுக்க ஏற்றிவிட்டு பெல்ட்டை உருவினான். அவள் தொண்டை கிழியக் கத்தினாள். சுமா தட்டவேயில்லை.

கார்டில் மைக்குக்கென்று ரோஸ் நிறத்தில் இன்னொரு ஓட்டை உண்டு. அந்த முண்டத்துக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? அவள் அதில் செருகி வைத்த மைக் கட்டிலுக்கடியில் எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை அவன் சாயா குடிக்கும்போது, வீரலட்சுமி ஜன்னல்களை அகலத் திறந்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

"செத்துத் தொலடி நாயே!"

அவன் குரல்தான். ஐந்து பெட்டியிலிருந்தும். பின்னாலேயே பெல்ட் விழும் சத்தம், அவளுடைய அலறல். செல்லதுரை அவள் வயிற்றில் உதைத்துத் தள்ளிவிட்டு, மேஜைக்கடியில் புகுந்து பச்சை வயரைப் பிடுங்கினான். முன்பெட்டிகள் அடங்கின, பின்னாலிருந்து அலறல் நிற்கவில்லை. கறுப்பைப் பிடுங்கினான். நடுப்பெட்டி கத்தியது.

அதற்குள் சுமாவின் கணவன் பிரதீஷ் கதவை உடைத்துவிட்டான். பின்னால் தெருவே நின்றது. சுமா செல்லதுரையின் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, மேஜைக்கடியிலிருந்து வெளியே இழுத்து, கன்னம் கன்னமாக அறைந்தாள். பிரதீஷ் ஸ்விட்சை அணைக்கப் போனான்.

விழுந்ததில் உதடு கிழிந்த வீரலட்சுமி வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள்.

"அணைக்காதீங்க சேட்டா. போலீஸ் வந்து கேக்கட்டும்."