தலை சாய்ந்த பூமி

எட்டாம் வகுப்பு பி பிரிவின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த அறிவியல் டீச்சருக்கு, ஒரே திருத்தத்தைத் திரும்பத் திரும்ப எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. கோடைக்காலம் ஏன் வருகிறது என்ற கேள்விக்கு முக்கால்வாசிப் பேர், 'அப்போது பூமி சூரியனுக்குக் கிட்டப் போகிறது' என்று எழுதியிருந்தார்கள். இரண்டு தடவை நடத்திய பாடம். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

"புத்தகத்துல முட்டை மாதிரி வட்டம் போட்டிருக்காங்களே டீச்சர். ஒரு பக்கம் கிட்டத்தானே வருது?" என்று வகுப்பில் விடைத்தாளைக் கையில் வாங்கியதும் முதல் பெஞ்சில் இருந்த ஒருத்தி வாதாடினாள்.

"அது படத்துக்காக அப்படி இழுத்துப் போட்டது. நிஜத்துல கிட்டத்தட்ட வட்டம்தான்."

"அப்ப எதுக்கு டீச்சர் தப்பாப் போட்டாங்க?"

நடித்துக் காட்டினால்தான் மண்டையில் ஏறும் என்று நினைத்த டீச்சர், சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் எல்லாரையும் மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

வாதாடினவளைச் சூரியனாக நடுவில் நிறுத்தினார். பூமி யார் என்று கேட்டதும் வகுப்பே ஒரு பையனைப் பிடித்து முன்னால் தள்ளியது. ஓரிடத்தில் உட்காரவே மாட்டான் என்பதால் அவனுக்குப் பம்பரம் என்று பெயர். இன்னொரு பெண் நிலாவாகி, பூமியைப் பார்த்த முகம் திரும்பாமல் அவனைச் சுற்றிப் பக்கவாட்டில் நடக்க வேண்டும்.

"மெதுவா சுத்துடா. நீ ஒரு சுத்து சுத்தினா ஒரு நாள்," என்றார் டீச்சர்.

"வேகமாச் சுத்தினா லீவு சீக்கிரம் வந்துடும்ல டீச்சர்?"

எல்லாரும் கைதட்டினார்கள். அவ்வளவுதான், பம்பரத்தைப் பிடிக்க முடியவில்லை. "போதும்டா, நில்லு!" என்று டீச்சர் கத்துவதற்குள் அவன் தலை சுற்றி, நிலாவையும் இழுத்துக்கொண்டு விழுந்தான். நிலாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவனுக்குத் தாடை கல்லில் இடித்து ரத்தம் வந்துவிட்டது.

தலைமையாசிரியர் அறையில் பம்பரம் தாடையில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "ஏம்மா, நாற்காலியில உட்கார்ந்து நடத்துற பாடத்தை எதுக்கு வெயில்ல கொண்டுபோய் நடத்துறீங்க?" என்றார் தலைமையாசிரியர். "இனிமே வகுப்பை விட்டு வெளியே வேண்டாம்." டீச்சர் தலையாட்டினார்.

பையனின் அப்பா வந்தார். கிடங்கு ஒன்றில் ராத்திரிக் காவல் வேலை. போன் போட்டுத் தூக்கத்திலிருந்து எழுப்பியிருந்ததால் கண் இரண்டும் சிவந்திருந்தன. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. டீச்சர் எழுந்து நின்றார். "நான்தாங்க பார்த்திருக்கணும். மன்னிச்சிடுங்க."

அவர் மகனின் தாடையைத் தூக்கிப் பார்த்தார். "பல்லு கில்லு ஆடுதா?"

"இல்லப்பா."

"அப்புறம் எதுக்குடா இந்த ஆட்டம்?"

"நான்தான்ப்பா பூமி. நீ பகல்ல தூங்குறேல்ல? அப்ப பூமிக்கு அந்தப் பக்கம் ராத்திரி. அங்க இருக்கிறவங்க எல்லாரும் உன்கூடதான் தூங்குறாங்க."

அப்பா பஞ்சைத் திரும்ப அவன் தாடையில் வைத்து அழுத்தினார். "அவங்க தூங்குறாங்க சரி. என்னைத்தான் எழுப்பிட்டீங்களே," என்று சொல்லிவிட்டு வாய் நிறையக் கொட்டாவி விட்டார். அது டீச்சரையும் தொற்றிக்கொண்டது. வாயைப் பொத்தித் திரும்பிக்கொண்டார். திட்டு வாங்கத் தயாராக நின்றவர், சும்மா விட்டதும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் வீட்டில் கணவர் கேட்டார்: "என்ன, முகம் இப்படி வாடிக் கிடக்கு?"

"பூமி கீழ விழுந்துடுச்சு," என்று நடந்ததைச் சொன்னார். "கோடைக்காலம் வரைக்கும் போகவே இல்ல. எல்லாம் திரும்ப முதல்லேருந்து நடத்தணும்."

"அதுல என்ன இருக்கு? வெயில் காலத்துல சூரியன் கிட்ட வருது. அவ்வளவுதானே?"

டீச்சர் உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாள் வகுப்புக்குள்ளேயே பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளச் சொன்னார். தாடையில் பிளாஸ்திரியுடன் பம்பரம் துள்ளி எழுந்தான். "நீ உட்காருடா. இன்னைக்கு நான்தான் பூமி," என்றார். நேற்றைய சூரியன் மறுபடி நடுவில் நின்றாள்.

டீச்சர் தலையை ஜன்னல் பக்கமாகச் சாய்த்துக்கொண்டார். அந்தச் சாய்வு மாறாமல் அவளைச் சுற்றி மெல்ல நடந்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். கழுத்து வலித்தது. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்றார்.

"இப்ப என் தலை யாரைப் பார்த்துச் சாஞ்சிருக்கு?"

"என்னைப் பார்த்து," என்றாள் சூரியன்.

இன்னும் அரைச்சுற்று நடந்து ஜன்னலோரம் போனார். "இப்ப?"

அவள் திரும்பிப் பார்த்தாள். "இப்ப என்னை விட்டு விலகி சாஞ்சிருக்கு. ஆனா நீங்க கிட்டயும் வரல, தூரவும் போகலையே டீச்சர்!" அவளுக்கே ஆச்சரியம். "அப்ப அங்க கோடை, இங்க குளிரா?"

"என் தலைக்கு. தலைன்னா பூமியோட வடக்குப் பாதி."

"அப்ப உங்க காலுக்கு, டீச்சர்?" என்றான் பம்பரம், உட்கார்ந்தபடியே.

நல்ல கேள்வி. அதை அவர் எதிர்பார்க்கவில்லை. கழுத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீயே யோசிச்சுச் சொல்லு," என்றார். "நான் கொஞ்சம் உட்கார்ந்துக்கிறேன்."