மஞ்சள் பல்பு

பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை வேட்டி மடிப்பில் செருகிய அங்கமுத்து, அச்சடிக்கிற பையன் முனீஸ் மறுபடியும் பின்னால் வந்து நிற்பதைக் கண்டார். வாசலில் ஐஸ்பெட்டிக்குள் அவருடைய ஒரே மகன் பரணி கிடக்கிறான். பெட்டிக் கண்ணாடியில் கன்னத்தை வைத்தபடி பெற்றவள் நஞ்சம்மாள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். மங்கலம் ரோட்டுச் சொந்தபந்தமெல்லாம் அங்கே இருக்க, இவனுக்கு மட்டும் பின்னால் பிரிண்டிங் ரூமில் என்ன வேலை?

"அய்யா, செத்த நேரம் தெறந்து விடுங்கய்யா. இல்லன்னா உள்ள எரியிற டியூப்லைட்டயாவது அணைச்சிருங்க. ஸ்கிரீனு கெட்டுப்போயிரும்."

"உசுரு போன எடத்துல வெளிச்சம் இருக்கோணும். உங்கூர்ல எப்படியோ, இங்க அப்படித்தான்."

முனீஸ் நகர்ந்தான். விளக்கை அணைக்கச் சொல்கிறானே, இருட்டில் எதை எடுக்கப் பார்க்கிறான் என்று அங்கமுத்துவின் மனம் கணக்குப் போட்டது. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று அலைகிற ஆட்களை இந்த ஊரில் அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

பரணி கம்ப்யூட்டர் படித்தவன். பெங்களூரில் கை நிறையச் சம்பளம் வாங்கியவன், ஒருநாள் மூட்டை முடிச்சோடு வந்து, டீசர்ட்டில் படம் போட்டு விற்கப் போகிறேன் என்றான். அவன் போட்டதெல்லாம் கம்ப்யூட்டர்க்காரர்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்ளும் சமாச்சாரம். 'என் மெஷினில் நல்லாத்தான் ஓடுது' என்று நெஞ்சில் எழுதிய சட்டையை எவன் வாங்குவான் என்று கேட்டார் அங்கமுத்து. வாங்கினார்கள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த முனீஸ் ஸ்கிரீன் என்கிற வலைச்சட்டத்தைப் பிடித்து அச்சடித்தான். அச்சடித்த சட்டையை அவனுக்கே மாட்டிவிட்டு, பனியன் பண்டல்களுக்கு நடுவே நிற்க வைத்துப் பரணி போட்டோ எடுத்தான். அந்தப் போட்டோக்களைப் பார்த்துத்தான் எங்கெங்கிருந்தோ ஆர்டர் வந்தது.

கொஞ்ச நாளில் அதே படங்கள் வேறு கம்பெனிச் சட்டைகளில் கடைகளில் தொங்கின. முனீஸ்தான் விற்கிறான், பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற பயல் என்று அங்கமுத்து மகனிடம் சொன்னார். "உடுங்கப்பா, போனாப் போகுது" என்று அவன் சிரித்தான். பிள்ளைக்கு விவரம் பத்தவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

நேற்றுச் சாயங்காலம் அந்த ரூமுக்குள் இருந்தது இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். முனீஸ் அலறியது கேட்டு ஓடினால் பரணி தரையில் கிடந்தான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் இதயம் நின்றுவிட்டது என்றார்கள். நேற்று வரைக்கும் புல்லட்டை உதைத்துக் கிளப்பியவனுக்கு நிற்கிற இதயமா அது? என்ன நடந்தது என்று முனீஸைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஸ்கிரீனில் படம் ஏற்றி எடுத்தார், கழுவுவதற்குள் நெஞ்சை நீவினார், விழுந்துவிட்டார் என்று ஒரே பதிலைத்தான் அவன் சொன்னான். மாற்றிச் சொல்லியிருந்தால் சந்தேகம் வந்திருக்கும். மாற்றாமல் சொன்னதால் இன்னும் கூடுதலாக வந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவர் அந்த ரூமுக்குத்தான் போனார். ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி. ஒரு மஞ்சள் பல்பு மட்டும் அழுது வடிந்துகொண்டிருந்தது. இப்படி ஒரு இருட்டுப் பொந்திலா என் பிள்ளையின் உயிர் போக வேண்டும்? அவன் விழுந்த இடத்தில் அகல் ஏற்றி வைத்து, டியூப்லைட்டையும் போட்டுவிட்டுப் பூட்டினார்.

மத்தியானம் உறவுக்காரர்கள் கோடித் துணி போடுகிற நேரத்தில் பரணியின் சிநேகிதர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். எல்லாருடைய நெஞ்சிலும் அவன் போட்ட படம். ஒருவனுடைய சட்டைக் கழுத்தில் மட்டும் வேறு கம்பெனி லேபிள் தெரிந்தது. அங்கமுத்து அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். தரணீதரன் என்று பேர் சொன்னான், பெங்களூரில் பரணியோடு வேலை பார்த்தவனாம்.

"எம்பையன் படத்த இந்தக் கம்பெனிக்கு வித்தது யாருன்னு தெரியுமா கண்ணு?"

அந்தப் பையன் விழித்தான். "யாரும் விக்கலீங்க அப்பா. பரணியே நெட்ல போட்டுருவானுங்க. முதல் ஈடு அச்சடிச்சதும், யார் வேணும்னாலும் எடுத்துக்குங்கன்னு சும்மாவே குடுத்துருவான். எங்க தொழில்ல அப்படிக் குடுக்கறது வழக்கமுங்க. உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

சொன்னால் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று சொல்லாமல் விட்டிருப்பான். அங்கமுத்து பின்பக்கம் போனார். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் முனீஸ் குந்தியிருந்தான். மடியில் ஒரு கேரிபேக். பிரித்துப் பார்த்தார். அச்சடிக்காத கறுப்பு டீசர்ட் ஒன்று இருந்தது.

"அண்ணனுக்குக் கோடி போடலாம்னு வச்சிருந்தேன்யா. அவரு கடைசியா ஏத்துன படத்த இதுல அடிச்சு... நான் சொந்தக்காரன் இல்லைல, அதான் கேக்கப் பயமா இருந்துச்சு."

அவர் மடியிலிருந்த சாவியை எடுத்தார்.

கதவைத் திறந்ததும் டியூப்லைட் பகலாக எரிந்தது. முனீஸ் அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்தான். பச்சை மருந்து பூசிய ஸ்கிரீனைத் தொட்டிக்கு எடுத்துப்போய் ஹோஸைத் திறந்தான். படம் உள்ள இடத்தில் மருந்து கரைந்து ஓடி, வலை தெரிய வேண்டும். ஒன்றும் கரையவில்லை. அவன் குழாயை மாற்றி மாற்றிப் பீய்ச்சினான், விரலால் தேய்த்தான். பச்சை பச்சையாகவே இருந்தது.

"வெளிச்சம் பட்டா முழுசும் இறுகிரும்யா. அதான் மஞ்சப் பல்பு. இனிமே தெறக்காது. புதுசாப் பூசிக் காயவச்சு எடுக்க அரை நாளு ஆகும்."

அரை நாள் பொறுக்க நேரம் இல்லை. வாசலில் பாடைத் தேர் கட்டி முடித்துவிட்டார்கள்.

"என்ன படம்?" என்றார் அங்கமுத்து.

முனீஸ் தயங்கினான். "நீங்கதான்யா. கேட்டுல கையக் கட்டிக்கிட்டு, வாறவன் போறவனயெல்லாம் மொறச்சுக்கிட்டு நிப்பீகல்ல, அந்தப் போட்டோ. சைபரும் ஒண்ணுமா எழுதியே அத வரஞ்சிருந்தாரு. கீழ இங்கிலீசுல, உள்ள வர அனுமதி இல்லைன்னு. கம்ப்யூட்டர் அப்படிச் சொல்லுமாம்."

"கேலி பண்ணுனானா?"

"கேலியுந்தேன். ஆனா எங்கப்பா நிக்கிற வரைக்கும் எனக்குப் பூட்டே வேண்டாம் முனீசுன்னாரு."

அங்கமுத்துவுக்கு ஹோஸ் தண்ணீர் காலை நனைப்பது தெரியவில்லை. ஹோஸை வாங்கி, தானே ஸ்கிரீனில் கொஞ்ச நேரம் பீய்ச்சிப் பார்த்தார். முனீஸ் தடுக்கவில்லை. பிறகு அவரே குழாயை அடைத்தார்.

கறுப்புச் சட்டையை உதறி நீவி முனீஸ் கையில் கொடுத்தார். "நீயே அவனுக்குக் கோடி போடு. எவனாவது கேட்டா நாஞ்சொன்னேன்னு சொல்லு" என்றார். உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அங்கமுத்து மகனின் தலைமாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பட்டும் வேட்டியுமாகக் கிடந்த கோடிகளின் மேல் படமில்லாத அந்தச் சட்டையை முனீஸ் விரித்தான்.

சங்கு ஊதினார்கள். தூக்கலாம், அப்பனை எங்கே என்று யாரோ தேடினார்கள்.

அவர் பின்பக்கம் இருந்தார். தொட்டிமேல் சாய்த்திருந்த ஸ்கிரீனை ரூமுக்குள் தூக்கி வந்து, அது இருந்த இடத்திலேயே வைத்தார். அகலில் எண்ணெய் இருந்தது. எட்டி டியூப்லைட்டை மட்டும் அணைத்தார். மஞ்சள் பல்பின் அடியில் ஸ்கிரீனிலிருந்து தண்ணீர் சொட்டியது. கதவைச் சாத்தாமல் வெளியே வந்தார்.