இரண்டு ரோஜர்

அந்தக் குடும்பத்தில் ஒரு ‘சரி’ என்றால் சரி. ‘சரி சரி’ என்றால் காதில் எதுவும் ஏறவில்லை என்று அர்த்தம். தம்பிக்கு நாலு வயதிலேயே தொற்றிய பழக்கம் அது. “பல் தேய்ச்சியாடா?” என்று கேட்டால் “சரி சரி” என்பான்.

அப்பேர்ப்பட்டவன் வளர்ந்து விமானம் ஓட்டப் போனான். அக்கா ஒரு படி மேலே போய், அவனைப் போன்றவர்களை மேய்க்கும் வேலையில் சேர்ந்தாள். ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, விமான நிலையத்தை நெருங்குகிறவர்களுக்கு யார் எந்த உயரத்தில் வர வேண்டும் என்று சொல்ல வேண்டும். சொன்ன உயரத்தை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். இதில் அவள் படு கறார். அறையில் அவளுக்குப் பெயரே ‘திருப்பிச்சொல்லு அக்கா’தான். டீ வாங்கப் போகிறவர்கூட, “ரெண்டு டீ, ஒண்ணுல சர்க்கரை வேண்டாம்” என்று ஒப்பித்த பிறகுதான் கதவைத் தாண்ட முடியும்.

இப்போது அந்த அக்காவுக்கும் தம்பிக்கும் நாலு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை காலை வலது கண்ணில் ஆபரேஷன் என்று அவள்தான் அவனுக்குப் போனில் சொன்னாள். அவன் “சரி சரி” என்றான். அவளும் அன்று ஏதோ அவசரத்தில் இருந்தாள். அந்த இரண்டாவது சரியைக் கவனிக்காமல் போனை வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வந்தது, அவன் வரவில்லை. கண்ணில் கட்டோடு படுத்திருந்த அம்மா, வாசலில் யார் காலடி கேட்டாலும் “தம்பி வந்துட்டானா?” என்றாள். நர்ஸ் வந்தாலும் அதே கேள்விதான். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. போனில் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினாள். “நீ வெள்ளிக்கிழமைன்னு சொல்லவே இல்ல” என்று அவன் சாதித்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் இரண்டு பேரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான்.

அதன்பிறகு அவன் அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவான். வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஆனால் பாருங்கள், வாரத்தில் மூன்று நாள் அவன் பார்சல் விமானத்தை ஓட்டிக்கொண்டு அவள் திரைக்குள்தான் வந்தாக வேண்டும். அவன் “வணக்கம் மேடம்” என்பான். அவளும் மரியாதையாக வணக்கம் சொல்லி உயரம் கொடுப்பாள். சாயங்காலம் அம்மா ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஆரம்பிப்பாள்.

“தம்பி இன்னைக்குப் பேசினானா?”

“பேசினான்.”

“என்ன சொன்னான்?”

“ஏழாயிரம் அடியில இருக்கானாம்.”

“ரொம்ப உசரம்தான்” என்று அம்மா பெருமூச்சு விடுவாள்.

அன்று மத்தியானம் திரையில் கூட்டம். தம்பியின் விமானம் மூன்று ஏழு ஒன்று, ஏழாயிரம் அடியில். அவனுக்கு நேர் கீழே ஆறாயிரத்தில், ஒரு மாணவியும் அவளுடைய பயிற்சியாளரும் போகிற சின்ன விமானம். தள்ளி, மூன்று ஒன்று ஏழு என்ற பயணிகள் விமானம். ரேடியோவில் பேசுவதெல்லாம் ஆங்கிலம்தான். நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம்.

“மூன்று ஒன்று ஏழு, ஐயாயிரம் அடிக்கு இறங்குங்கள்” என்றாள் அக்கா.

பதிலுக்குக் காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு கிறீச் சத்தம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் மைக்கை அழுத்தினால் அப்படித்தான் கேட்கும், ஒருவர் பேச்சும் தேறாது. சத்தம் அடங்கும்போது அதன் வாலில் இரண்டு சொல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

“ரோஜர், ரோஜர்.”

ரோஜர் என்றால் ‘கேட்டுக்கொண்டேன்’. ஒரு தடவை சொன்னால் போதும். இரண்டு தடவை சொல்கிற ஆள் உலகத்தில் அவளுக்குத் தெரிந்து ஒருவன்தான். அவள் உடனே மைக்கை அழுத்தினாள்.

“மூன்று ஏழு ஒன்று, எந்த உயரத்துக்குப் போகிறீர்கள்? திருப்பிச் சொல்லுங்கள்!”

“ஐயாயிரத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறேன், மேடம்.”

அடுத்தவர் எண்ணைத் தன் எண்ணாகக் கேட்டிருக்கிறான் பாவி. போகிற வழியில் ஆறாயிரத்தில் அந்தப் பெண் இருக்கிறாள்.

“மூன்று ஏழு ஒன்று, இறங்காதீர்கள்! உடனே ஏழாயிரத்துக்கு ஏறுங்கள். கீழே விமானம் இருக்கிறது. திருப்பிச் சொல்லுங்கள்.”

இந்தத் தடவை வார்த்தை வார்த்தையாக வந்தது அவன் குரல். “மூன்று ஏழு ஒன்று. இறங்கவில்லை. ஏழாயிரத்துக்கு ஏறுகிறேன்.”

இருநூறு அடி இறங்கியிருந்தான். திரையில் எண் திரும்ப ஏழாயிரத்தைத் தொடும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை. மூன்று ஒன்று ஏழையும் மறுபடி கூப்பிட்டு, ஐயாயிரத்தைச் சொல்லவைத்து இறக்கினாள். பிறகு இன்னொருவர் வந்து அவள் இருக்கையில் உட்கார்ந்தார். இப்படி ஏதாவது நடந்தால் ஆளை மாற்றுவதுதான் அங்கே வழக்கம்.

ஓய்வறையில் மேற்பார்வையாளர் ரிப்போர்ட் படிவத்தை நீட்டினார். “ரேடார்ல உயரம் மாறுறதுக்கு முன்னாடியே எப்படிம்மா பிடிச்சீங்க?”

“அவன் என் தம்பி சார். ரெண்டு தடவை சரின்னு சொன்னா ஒண்ணுமே கேக்கலைன்னு அர்த்தம்.”

அவர் யோசித்தார். “அதையே எழுதுங்க. வேற எப்படி எழுத முடியும்?”

முதல் வரி எழுதும்போதே போன் அடித்தது. தம்பிதான். தரையில் இறங்கிவிட்டிருந்தான்.

“அக்கா.”

நாலு மாதத்துக்குப் பிறகு ‘மேடம்’ போய் ‘அக்கா’ வந்திருந்தது. திட்டுவதற்கு அவளிடம் நிறைய இருந்தது. வந்தது அழுகைதான்.

“என் தப்புதான்க்கா. நானும் ரிப்போர்ட் எழுதிக் குடுக்கப் போறேன்” என்றான். “அன்னைக்கும் நீ வெள்ளிக்கிழமைன்னு சொல்லியிருப்ப. எனக்குத்தான் கேக்கல.”

“நானும் திருப்பிச் சொல்லுன்னு கேக்காம விட்டுட்டேன்டா. ஊருக்கெல்லாம் கேக்குறேன், உன்கிட்ட கேக்கல.” மூக்கை உறிஞ்சினாள். “இப்ப கேளு. அம்மாவுக்கு இடது கண்ணு ஆபரேஷன். வர்ற வியாழக்கிழமை, காலைல ஏழு மணி. திருப்பிச் சொல்லு.”

“இடது கண்ணு. வியாழக்கிழமை, காலைல ஏழு மணி. அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே உக்காரணும்.”

“கையைப் பிடிக்கச் சொல்லி நான் சொல்லலையே.”

“நீ சொல்லல. எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு.”

சாயங்காலம் அம்மா வழக்கம்போல ஆரம்பித்தாள். “தம்பி இன்னைக்கு எத்தனை ஆயிரத்துல இருக்கானாம்?”

“இறங்கி வந்துட்டான்மா.”

அம்மா தேறிய கண்ணால் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீ?”

“நானும்தான்.”